எண்ணெய் எங்கிருந்து வருகிறது?

பிள்ளைகளே, பாயான் பாருவில் அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே மோட்டார் சைக்கிள்கள் நிற்கும் இடத்தைக் கவனித்திருப்பீர்கள். பழைய வண்டி நின்ற தரையில் கறுப்புக் கறை இருக்கும். அது எஞ்சின் எண்ணெய். முழுக்கப் பிரித்து, புதுப் பாகங்கள் போட்டு, மறுபடி பூட்டிய எஞ்சினும் இப்படி ஒழுகுவது உண்டு. உடனே கறைக்கு நேர் மேலே இருக்கும் போல்ட்டை முறுக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். பல சமயம் அந்தப் போல்ட்டில் ஒரு பிழையும் இருக்காது.

ராயல் என்ஃபீல்ட் புல்லட்டையே பார்ப்போம். இங்கிலாந்து வண்டியான இது 1955 முதல் சென்னையில் உருவாகி வருகிறது. அங்குள்ள திருவொற்றியூர்த் தொழிற்சாலை அதனால்தான் பேர் பெற்றது. பழைய புல்லட் 350இல், கிராங்க்கேஸ் என்னும் அடிப்பெட்டி இடது பாதி, வலது பாதி என இரண்டாகச் செய்யப்பட்டுச் சேர்க்கப்பட்டிருக்கும். சேர்ந்த கோடு எஞ்சினின் அடிவயிறு வரை போகிறது. எங்கே கசிந்தாலும் எண்ணெய் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிடும். ஓடும்போது எதிர்க்காற்று வேறு அதைப் பின்னால் தள்ளும். ஆகவே சொட்டும் இடம் ஒன்று, கசியும் இடம் வேறொன்று.

கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி, முகத்துக்குப் போடும் பவுடர்! ஆறிய எஞ்சினைப் பெரியவர்கள் நன்றாகக் கழுவித் துடைத்துக் காயவிட வேண்டும். பிறகு சந்தேகப்படும் இடமெல்லாம் பவுடரைத் தூவி, சிறிது தூரம் ஓட்டிவிட்டு வரவேண்டும். எண்ணெய் பட்ட பவுடர் உடனே நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். ஈரமான இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே, எது எல்லாவற்றுக்கும் முன்னே இருக்கிறது என்று பாருங்கள். தேடல் அங்கிருந்து தொடங்கட்டும்.

இடம் தெரிந்துவிட்டது. ஆனால் எண்ணெயை வெளியே தள்ளியது யார்? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பழைய புல்லட் 350இன் சிலிண்டர் 70 மில்லிமீட்டர் அகலம். அதற்குள் பிஸ்டன் 90 மில்லிமீட்டர் ஏறி இறங்குகிறது. கணக்குப் போட்டால் 346 கன சென்டிமீட்டர் வரும். பிஸ்டன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் தனக்குக் கீழே, அடிப்பெட்டியில் இருக்கும் காற்றுக்கு அவ்வளவு இடம் குறைகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் இது வினாடிக்கு 50 முறை நடக்கும். நெருக்கப்பட்ட காற்று வெளியேற ஒரு குழாய் உண்டு. அதன் முனையில் வாத்தின் அலகு போல ஒரு ரப்பர் வால்வு. காற்று வெளியே போகும்போது திறக்கும். உள்ளே நுழையப் பார்த்தால் மூடிக்கொள்ளும். இதனால் உள்ளே அழுத்தம் குறைவாகவே இருக்கும். எண்ணெயும் வெளியேறத் துடிக்காது.

அந்த ரப்பர் விறைத்துப் போனாலோ குழாய் அடைத்துக்கொண்டாலோ, அழுத்தம் கூடி, எந்த இணைப்பு பலவீனமோ அதன் வழியாக எண்ணெயைத் தள்ளும். இணைப்புகளுக்கு நடுவே வைக்கும் கேஸ்கெட்டை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இருக்காது. புதிதாகப் பூட்டிய எஞ்சினில் இன்னொரு காரணமும் உண்டு. பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு இன்னும் பழகியிருக்காது. எரிந்த வாயு அவற்றின் ஓரமாக நழுவிக் கீழே வந்து அழுத்தத்தை ஏற்றும். சரியாக ஓட்டிப் பழக்கினால் இது குறைந்துவிடும்.

சூடும் கவனிக்க வேண்டியது. பழைய புல்லட்டின் தலைப்பகுதி அலுமினியம், சிலிண்டர் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இதில் இணைப்பின் பிடிப்பு தளரலாம். அதனால்தான் புதிதாகப் பூட்டிய எஞ்சினைக் கொஞ்சம் ஓட்டி, ஆறவிட்டு, தலை நட்டுகளை மீண்டும் சரிபார்க்கிறார்கள்.

சில வாரம் சும்மா நின்ற பழைய புல்லட்டைக் கிளப்பியதும் காற்றுக் குழாய் வழியே எண்ணெய் கொட்டினால் பயப்பட வேண்டாம். தனி அறையில் இருக்க வேண்டிய எண்ணெய், பம்ப் வழியே மெல்ல அடிப்பெட்டிக்குள் இறங்கியிருக்கும். எஞ்சின் ஓடினால் பம்ப்பே அதைத் திருப்பி அனுப்பிவிடும். கிளப்புவதற்கு முன் அளவுக்குச்சியைப் பார்த்து, குறைகிறதே என்று புது எண்ணெய் ஊற்றினால்தான் வம்பு. சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்திய பிறகு அளவு பாருங்கள்.