ஒளியைக் காணாத கண்

சித்திரவேலாயுத சுவாமி கோயில் திருவிழாவுக்குப் புடைவை எடுப்பதற்காக வெருகலிலிருந்து திருகோணமலை நகருக்குப் போன வாசகர் ஒருவர், தாம் ஏறி இறங்கிய பழைய மாடிக்கடையொன்றின் உட்கூரையில் வெள்ளைத் தட்டுப்போன்ற ஒரு பொருள் சிவப்புப் புள்ளியாக இமைத்துக்கொண்டிருந்ததையும், அடுத்த கடையில் அதே பொருளுக்குப் பொலித்தீன் உறை கட்டியிருந்ததையும் விவரித்து, அது புகையை எவ்வாறு அறிகிறது, அறியுமானால் அதன் வாயை ஏன் கட்டுகிறார்கள் என்று வினவியிருக்கிறார். 2023 ஒக்டோபரில் கொழும்புப் புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் புடைவைக்கடையொன்று எரிந்து, இருபதுக்கு மேற்பட்டோர் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டதை நினைத்தால், இது வெறும் விநோதத்துக்காகக் கேட்ட கேள்வியன்று.

புகையுணரி எனப்படும் அந்தத் தட்டினுள்ளே இருப்பது ஓர் இருட்டறை. கறுப்புச் சுவர்கள் ஒன்றையொன்று மறைக்குமாறு வளைத்து நிறுத்தப்பட்டிருப்பதால் காற்று நுழையும், வெளிச்சம் நுழையாது. ஒரு பக்கத்தில், செந்நிறக்கீழ்க் கதிரைச் சில விநாடிகளுக்கு ஒருமுறை சிமிட்டும் சின்னஞ்சிறு விளக்கு; மற்றொரு பக்கத்தில், ஒளியை மின்னாக மாற்றும் உணரி. விசேஷம் என்னவென்றால், இவ்விரண்டும் ஒன்றையொன்று பார்க்கவே கூடாது என்பதற்காகச் சாய்த்தும் மறைத்தும் வைக்கப்பட்டிருக்கின்றன. எதிரெதிரே வைத்து ஒளி மங்குவதை அளந்தாலென்ன என்று தோன்றலாம். காலத்தே எச்சரிக்கப்பட வேண்டிய மெல்லிய புகையோ, ஒரு மீற்றர் தூரம் செல்லும் ஒளியில் நூற்றுக்குப் பத்துப் பங்கைக்கூடக் குறைப்பதில்லை. நான்கு சதமமீற்றர் அறையில் அது நூற்றுக்கு அரைப்பங்குக்கும் கீழே போய்விடும். நிறைந்த பிரகாசத்தில் அத்தனை சொற்ப நட்டத்தை நிச்சயமாகக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஒன்றுமே இல்லாத இருளில் சிறிது ஒளி தோன்றுவதைக் காண்பதோ மிகச் சுலபம். பஞ்சு கனன்று எழும் புகையின் துகள்கள் அநேகமாக அக்கதிரின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க பருமனுடையவையாதலால், ஒளியை நாற்றிசையிலும் சிதறடிப்பதில் அவை கைதேர்ந்தவை. சிதறியதில் ஓர் அற்பப் பங்கு உணரியின்மேல் வீழ்கிறது.

வேலிக்கு அந்தப்புறம் காதுகொடுத்து நிற்கும் அயல்வீட்டுக்காரியை நினைத்துக்கொள்ளலாம். வீட்டார் தாழ்ந்த குரலிற் பேசுவது நேராக அவளுக்கு எட்டாது. விருந்தாளிகள் வந்து போகத் தொடங்கினால், ஒவ்வொருவரும் தாம் கேட்டதில் ஒரு துளியை வேலிப்பக்கமும் சிந்திவிட்டுப் போவார்கள். துளிகள் சேர்ந்து ஓரளவைத் தாண்டியதும் அவள் ஊரைக் கூட்டுவாள். கரும்புகைக்கரி, கேட்டதைத் தன்னுள்ளே விழுங்கிவிடும் அழுத்தக்காரன். ஆகையால், பெற்றோல் சுவாலைவிட்டு எரியும்போது இவ்வுணரி சற்றே பின்தங்கும். உள்ளே புகுந்த சிலந்தி, உளறுவாய்ப் பிள்ளை. சுவரிற் படிந்த தூசியோ, வாடகைக்கு வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டவன்; அவன் நாள்தோறும் சொல்லும் கதையோடு இன்னும் அரைவிருந்தாளி வந்தாலே போதும், அவள் கூச்சலிட்டுவிடுவாள். உவமை இதற்குமேல் தாங்காது என்பது எனக்கும் தெரிகிறது. ஆயினும், பொலித்தீன் உறையின் விருத்தாந்தம் முழுவதும் இந்த வாடகைக்காரனிடத்திலேதான் இருக்கிறது.

துணியை நாளெல்லாம் விரித்தும் மடித்தும் காட்டுகின்ற கடையில், பஞ்சுத்தூசி ஓயாது மிதக்கிறது. துடைக்காத இருட்டறை மெல்ல வெளுத்து, காரணமின்றி மணி அடிக்கத் தொடங்கும். வியாபார நேரத்தில் இருமுறை அடித்தால் மூன்றாம் முறைக்கு முதலாளி இடங்கொடுக்கமாட்டார். தூசியின் சாயலை நாளடைவில் தானே கழித்துக்கொள்ளும் நல்ல உணரிகள் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கழித்தலுக்கும் ஓர் எல்லை உண்டு, அதன்பின் தூரிகையும் ஏணியும் ஓர் ஆளுந்தான் வேண்டும்.

சரித்திரம் கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை: 1930களில் சுவிட்சர்லாந்தின் வால்டர் யேகர், நச்சுவாயுவைக் கண்டறியச் செய்த கருவி வாயுவுக்கு அசையாமல், அவர் பற்றவைத்த சிகரெட்டுக்கு அசைந்ததாம். அந்த வழியில் வந்தவை, அமெரிசியம் என்னும் கதிரியக்க மூலகத்தைக் கொண்டு காற்றை அயனாக்கும் உணரிகள். கனன்று புகையும் துணிக்கு அவை நமது இருட்டறையளவு விரைவானவையல்ல.

உணரி எத்தனை செம்மையாக இருந்தாலும், மணியின் அர்த்தம் விளங்காவிட்டால் பிரயோசனமில்லை. 1967 மே 22இல் பிரசெல்ஸ் நகரில், விக்தர் ஓர்த்தா என்னும் பிரசித்த கட்டடக்கலைஞர் கட்டிய பழைய லினோவாசியோன் பேரங்காடி எரிந்து இருநூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். தெளிப்பான்கள் இல்லாத அக்கட்டடத்தில் அபாயமணி ஒலித்தபோது, மதிய இடைவேளை மணியென்றே பலர் எண்ணினராம். 2017 மே 31 அதிகாலையில் தியாகராய நகரின் சென்னை சில்க்ஸ் மாடிக்கடையில், பழையதென்று சொல்லமுடியாத கட்டடத்தில், தீ பிடித்தது. புகை அடைத்துக்கொண்டதால் உள்ளே புகமுடியாமல் தீயணைப்பாளர் ஒரு நாளுக்கு மேல் போராட, ஒரு பகுதி தானே சரிந்து, எஞ்சியது பின்னர் இடிக்கப்பட்டது. ஆட்கள் உறங்கும் நேரத்தில் மூடிய கடைக்குள் மட்டும் ஒலிக்கும் மணியை யார் கேட்பது? அது வாயிற்காவலன் காதுக்கோ தீயணைப்பு நிலையத்துக்கோ எட்டியாக வேண்டும்.

நமது பக்கத்துப் பழைய கூடங்களுக்கு இன்னுமொரு சங்கடம் உண்டு. தகரக் கூரையை மத்தியான வெயில் காய்ச்சும்போது அதன்கீழ்க் காற்று, இளம் புகையைவிடச் சூடாகிவிடுகிறது. ஏறிவரும் புகையோ வழியில் குளிர்ந்த காற்றைக் கலந்துகொண்டு ஆறி, கூரையைத் தொடாமலே பாதிவழியில் பாயைப்போலப் படர்ந்து நிற்கும். உச்சியிற் பூட்டிய உணரி அதை அறியவே அறியாது. இங்கேதான், சிற்றறையில் நாம் தள்ளிவைத்த நேர்க்கோட்டு முறை திரும்பவும் பயன்படுகிறது: சுவருக்குச் சுவர் முப்பது நாற்பது மீற்றர் செல்லும் கதிரில் மெல்லிய புகையின் மங்கலும் பெருகித் தெரியும். அத்தகைய கதிர்களை ஒன்று கூரையோரமாகவும், மற்றொன்று அதற்குச் சில மீற்றர் தாழவுமாக இரண்டு மட்டங்களில் வைப்பது வழக்கம். கீழ்க்கதிரின் பாதையை மறைத்துத் துணிமூட்டைகளை அடுக்காமலிருப்பது கடைக்காரர் பொறுப்பு.