மெல்லப் பேசும் ரோடியம்

டீ ஆறுவதற்குள் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் எம்ஆர்ஐ எடுக்கிறார்களே, அதே அடிப்படையில்தான் வேதியியல் ஆய்வகத்தின் என்எம்ஆர் கருவியும் இயங்குகிறது. வலுவான காந்தத்துக்குள் கரைசலை வைத்து ரேடியோ அலையால் தட்டினால், அதிலுள்ள அணுக்கருக்கள் தத்தம் அதிர்வெண்ணில் பதில் சொல்லும்.

ஹைட்ரஜன் உரக்கச் சொல்லும். வினையூக்கிகளின் நடுவில் உட்கார்ந்திருக்கும் ரோடியத்தின் குரலோ காதில் விழாது. இயற்கையில் கிடைக்கும் ரோடியம் முழுதும் 103 என்ற ஒரே ஐசோடோப். ஆகவே ஆள் பஞ்சமில்லை. அணுக்கருவின் காந்த வலிமைதான் போதாது. ஹைட்ரஜன் 400 மெகாஹெர்ட்சில் பேசும் காந்தத்தில் ரோடியம் 12.7 மெகாஹெர்ட்சில் பேசும். காந்தப்புலத்தோடு சேர்ந்து நிற்கும் கருக்களுக்கும் எதிர்த்து நிற்பவற்றுக்கும் உள்ள எண்ணிக்கை வித்தியாசம்தான் சமிக்ஞை ஆகிறது. ரோடியத்தில் அந்த வித்தியாசம், ஹைட்ரஜனில் இருப்பதில் சுமார் 31-இல் ஒரு பங்கு. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

திரும்பத் திரும்பப் பதிவுசெய்து கூட்டலாம். ஆனால் தெளிவு இரண்டு மடங்காக, நேரம் நான்கு மடங்கு செலவாகும்.

1979-இல் காரத் மாரிஸும் ரே ஃப்ரீமனும் ‘இனெப்ட்’ என்ற வழியைக் கொடுத்தார்கள். பக்கத்து ஹைட்ரஜனிடம் உள்ள அந்த வித்தியாசத்தை, வேதிப் பிணைப்பின் வழியாக, மெல்லப் பேசும் கருவுக்கு மாற்றிவிடுவது. ரோடியத்துக்கு 31 மடங்கு வரை ஆதாயம். அப்படியென்றால் பதிவு நேரத்தில் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு மிச்சம். ஒவ்வொரு தட்டலுக்குப் பிறகும் ரோடியம் தெளிந்து பழைய நிலைக்குத் திரும்பும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஹைட்ரஜன் தெளிந்தால் போதும்.

அடுத்த படி ‘எச்எம்க்யூசி’. ஹைட்ரஜனில் தொடங்கி, ரோடியத்தைத் தொட்டு, மீண்டும் ஹைட்ரஜனிடமே பதிலைக் கேட்பது. ரோடியத்தை நேரே கேட்பதைவிட, கணக்குப்படி 5,000 மடங்குக்கு மேல் ஆதாயம்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இரு கருக்களுக்கும் இடையிலான பிணைப்புத் தொடர்பின் அளவு சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். அது 20 ஹெர்ட்ஸ் என்றால், தட்டல்களுக்கு நடுவே 25 மில்லிசெகண்டு இடைவெளி விட வேண்டும். அந்தக் கணக்கு பிசகினால் சமிக்ஞை தேய்ந்துபோகும். ஹைட்ரஜன் தோதாக அமையாத இடத்தில் பாஸ்பரஸ் கைகொடுக்கும். வில்கின்சன் வினையூக்கியில் ரோடியத்தோடு 3 பாஸ்பரஸ் அணுக்கள் நேரடியாகப் பிணைந்துள்ளன. அங்கே தொடர்பு 100 ஹெர்ட்சுக்கும் மேல்.

இந்தப் பாடெல்லாம் எதற்கு? ஹைட்ரஜனின் சமிக்ஞைகள் பெரும்பாலும் 15 பிபிஎம்முக்குள் (பிபிஎம் என்றால் அதிர்வெண்ணில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அடங்கிவிடும். ரோடியத்தின் சமிக்ஞைகளோ பல்லாயிரம் பிபிஎம் விரிந்து கிடக்கும். உலோகத்தைச் சுற்றி நடக்கும் சிறு மாற்றமும் அதில் பளிச்சென்று தெரியும்.

ஆகவே ரோடியச் சேர்மத்தோடு கருவியின் முன் உட்காரும் மாணவர்களுக்குச் சொல்வேன்: பெரிய காந்தத்துக்கு ஏங்குமுன், உலோகத்தின் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று பாருங்கள், அந்தத் தொடர்பை முதலில் அளந்துகொள்ளுங்கள்.