ஏரிக்குப் பகை ஆகாயத் தாமரை

பாலாற்றங்கரை மக்களுக்கு ஏரியின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. கருநாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடிக்கு அருகே தமிழகத்தினுள் நுழையும் பாலாறு, ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகவே காட்சி தருவது. வெள்ளம் வரும் சில நாட்களில் நீரைத் தேக்கி வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்களே இங்குப் பயிரிட்டு வாழ முடிந்தது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் மகேந்திரவாடியில் ஒரு பேரேரியைத் தன் பெயரால் அமைத்து, அதன் கரையிலே பாறையைக் குடைந்து கோயிலும் எடுத்தான். காவேரிப்பாக்கம் ஏரியும் பல்லவர் காலத்ததே. 2021ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்து ஏரிகள் கோடி போனபோது, வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் உழவர் பெருமக்கள் அடைந்த மகிழ்ச்சி நாம் அறிந்ததே.

ஆயினும், நிரம்பிய ஏரியெல்லாம் நலமான ஏரி ஆகிவிடாது. நீர் நிறைந்திருந்தும் நீரே கண்ணுக்குத் தெரியாதபடி பச்சைப் போர்வை போர்த்தி நிற்கும் ஏரிகள் இன்று பல. அப்போர்வைதான் ஆகாயத் தாமரை. வெங்காயத் தாமரை என்றும் இதனை வழங்குவர். இதை அகற்றுவது எவ்வாறு, மீண்டும் வாராமல் காப்பது எவ்வாறு, சிறப்பாகத் தோல் தொழில் மிகுந்த இவ்வட்டாரத்தில் நாம் கைக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை யாது என்பதை இங்கு எடுத்துரைப்போம்.

அழகுக்காக வந்த செடி

ஆகாயத் தாமரை நம் நாட்டுச் செடி அன்று. தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றுப் பகுதி இதன் பிறப்பிடம். இதன் ஊதாப் பூவின் அழகைக் கண்டு மயங்கியவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதை வங்காளத்துக்குக் கொண்டு வந்தனர். சில பத்தாண்டுகளிலேயே அங்குள்ள ஆறுகளையும் வயல்களையும் அது அடைத்துக்கொண்டது. அதனை ஒழிப்பதற்கென்றே 1936இல் வங்காள அரசு தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது.

இச்செடி பெருகும் விரைவு வியப்புக்குரியது. தாய்ச் செடியிலிருந்து ஓடுதண்டு கிளம்பி, அதன் நுனியில் புதிய செடி உண்டாகிறது. ஏற்ற நீரும் வெயிலும் கிடைத்தால் ஏறத்தாழ இரண்டு வாரங்களில் செடிகள் இரட்டிப்பாகிவிடும். ஏரி முழுவதையும் சுத்தம் செய்து, பத்தே பத்துச் செடிகளை மட்டும் விட்டுவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கணக்குப்படி ஆறு மாதத்துக்குள் அவை நாற்பதாயிரத்தைத் தாண்டும். அன்றியும், இதன் விதைகள் சேற்றினுள் பதினைந்து, இருபது ஆண்டுகள் வரையிலும் முளைக்கும் வல்லமையுடன் கிடக்கக்கூடியவை. ஏரி வற்றி, ஈரச் சேற்றில் வெயில் பட்டதும் அவை முளைத்து, அடுத்த மழைக்கு மிதந்து எழுகின்றன. ஒரு முறை பெருஞ்செலவு செய்து அகற்றியும் பயன் இல்லையே என்று நம் ஊர்களில் வருந்துவதன் காரணம் இதுவே.

ஏரிக்கு நேரும் கேடுகள்

செடி பரப்பை மூடிவிட்டால் வெயிலும் காற்றும் நீரினுள் புக வழியில்லை. நீரில் கரைந்துள்ள பிராணவாயு குறைகிறது, மீன்கள் மடிகின்றன. மட்கிய இலைகளும் வேர்களும் அடியில் படிந்து ஏரியைத் தூர்க்கின்றன. செடிகளினிடையே தேங்கும் நீரில் கொசுக்கள் பெருகுகின்றன. மதகிலும் கால்வாயிலும் செடிகள் அடைத்துக்கொள்வதால் கடைமடை வயலுக்கு நீர் எட்டுவதில்லை. கலங்கலில் அடைத்துக்கொண்டாலோ, பெருமழையில் கரைக்கே ஆபத்து. இவை போதாவென்று, திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆவியாவதைவிட மிகுதியான நீரை இச்செடி தன் இலைகள் வழியாக வெளியேற்றிவிடுகிறது. நீர்ப் பஞ்சம் உள்ள மாவட்டங்களில் இது பொறுக்கத்தக்க இழப்பு அன்று.

செடிக்கு உணவிடுபவர் யார்?

ஆகாயத் தாமரை தானே வந்த பகைவன் என்று எண்ணுகிறோம். உண்மையில் அதற்கு நாள்தோறும் உணவிட்டு வளர்ப்பவர்கள் நாமே. தெளிந்த மழைநீர் மட்டும் வந்து சேரும் ஏரியில் இச்செடி இவ்வளவு தழைப்பதில்லை. தழைச்சத்தும் மணிச்சத்தும் மிகுந்த நீரே இதற்கு விருந்து. ஊர்ச் சாக்கடையும் வயல்களிலிருந்து வழியும் உரமும் வரத்துக் கால்வாயில் கலந்து ஏரியை அடையும்போது அவ்விருந்து தடையின்றிக் கிடைக்கிறது. வரத்துக் கால்வாய் சாக்கடையாக இருக்கும்வரை, செடியை எத்தனை முறை வாரினாலும் அது நோயை விட்டு நோயின் குறியை மட்டும் துடைப்பது போன்றதே ஆகும்.

இவ்வட்டாரத்தில் மற்றொரு செய்தியையும் கருத வேண்டியுள்ளது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுவது. அத்தொழிலின் கழிவுநீரோ நெடுங்காலம் பாலாற்றிலும் நிலத்திலும் ஏரிகளிலும் விடப்பட்டு வந்தது. வேலூர்க் குடிமக்கள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் வழங்கிய தீர்ப்பு நாடறிந்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்றும், தோல் பதனிடும் பகுதிகளில் சுமார் 35,000 எக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு உதவாததாயிற்று என்றும் அதில் கூறப்பட்டுள்ளது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு செலுத்த வேண்டும் என்னும் நெறியும் அத்தீர்ப்பினால் நம் நாட்டுச் சட்டத்தில் வேரூன்றியது. அதன் பின்னர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வலுப்பெற்றன. எனினும் சிக்கல் முற்றும் தீர்ந்தபாடில்லை; பாலாற்று மாசு குறித்து 2025 ஜனவரி 30ஆம் நாளும் உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பளிக்க நேர்ந்தது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஆகாயத் தாமரை உப்பு நீரைத் தாங்காது. தோல் கழிவுநீரில் உப்பு மிகுதி. ஆகவே, சாக்கடை கலந்த ஏரி பச்சையாக மூடிக்கிடக்க, உப்புக் கழிவு மிகுந்த ஏரியில் செடியே இல்லாமலும் இருக்கக்கூடும். செடி இல்லாத ஏரி தூய ஏரி என்று கண்ணால் கண்டு முடிவு செய்துவிடலாகாது. நீரைச் சோதித்தே அறிதல் வேண்டும்.

முதற்பணி நீர்ச் சோதனை

வரத்துக் கால்வாயின் வாயில், ஏரியின் நடுவில், மதகின் அருகில் என மூன்று இடங்களில் தூய புட்டிகளில் நீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்புக. கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் செய்வது நலம். கரைந்துள்ள உப்பின் அளவையும் குரோமியத்தின் அளவையும் தனித்தனியே கேட்டுப் பெற வேண்டும். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பதே ஏற்றது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. குரோமியமோ குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டலாகாது. கால்வாய் வாயில் எடுத்த நீரில் இவை மிகுந்து காணப்பட்டால், மாசு எவ்வழியே வருகிறது என்பதும் விளங்கிவிடும். அம்முடிவை இணைத்து மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுதும் முறையீடு, வெறுங்கையோடு எழுதும் பத்து முறையீடுகளைவிட வலிமை உடையது.

அகற்றும் முறை

செடியை அகற்ற ஏற்ற காலம், ஏரியில் நீர் வற்றியிருக்கும் கோடை. பூத்து விதை சிந்துமுன் வாரிவிட வேண்டும். நீர் இருக்கும்போது செய்வதாயின், காற்று வீசும் திசை அறிந்து, செடிகள் ஒரு கரையில் ஒதுங்கும் நாளில் தொடங்கினால் பாதி வேலையைக் காற்றே செய்துவிடும்.

அடர்ந்து வளர்ந்த ஓர் எக்டேர் பரப்பிலே 200 டன்னுக்கு மேற்பட்ட பச்சைச் செடி இருக்கக்கூடும். அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீரே. எனவே வாரியவுடன் வண்டியில் ஏற்றுவது நீருக்குக் கூலி கொடுப்பதாகும். கரைக்கு அப்பால், மழைநீர் ஏரிக்குத் திரும்பி வழியாத மேட்டில் பரப்பிச் சில நாட்கள் வெயிலில் காயவிட்டுப் பின்னர் அகற்றினால் செலவு பெரிதும் குறையும். கரையின் உட்சரிவில் குவித்துவிட்டுப் போவது, அடுத்த மழையில் அவற்றை மீண்டும் ஏரிக்கே அனுப்புவதாகும்.

வாரியதோடு வேலை முடிந்துவிடாது. முதல் மழைக்குப் பின் ஒரு மாதத்துக்குள் இளஞ்செடிகள் தோன்றும். சிலர் சேர்ந்து அவற்றைக் கையால் பொறுக்கிவிடலாம். மூன்று, நான்கு ஆண்டுகள் இடைவிடாது இவ்வாறு செய்தால் சேற்றிலுள்ள விதை இருப்புப் படிப்படியாகக் குறையும். மேல் ஏரியிலிருந்து செடி மிதந்து வாராதபடி வரத்துக் கால்வாயின் வாயில் மூங்கில் மிதவைத் தடுப்பு ஒன்று கட்டுதலும் வேண்டும். நம் ஏரிகள் ஒன்றன் கோடியிலிருந்து மற்றொன்று நிரம்பும் தொடர் ஏரிகள். கோடி வழியே செடியைத் தள்ளிவிடுவது அடுத்த ஊரின் தலையில் நம் சுமையை ஏற்றுவதாகும். ஆதலால் மேல் ஏரியார், கீழ் ஏரியார் இருவரும் ஒரே பருவத்தில் பணி தொடங்குவதே அறிவுடைமை.

நீர்ச்செடி அனைத்தும் பகை என்று எண்ணி ஏரியை மொட்டையாக்கிவிடவும் கூடாது. அளவோடு நிற்கும் அல்லியும் தாமரையும், ஓரத்துக் கோரையும் மீனுக்கும் பறவைக்கும் உறைவிடம். கரை அரிப்பையும் தடுப்பவை.

பூச்சிமருந்தும் கூன்வண்டும்

களைக்கொல்லி தெளித்துவிட்டால் எளிதில் முடியுமே என்று கேட்பவர் உண்டு. தெளித்த செடி நீரிலேயே அழுகி, எஞ்சிய பிராணவாயுவையும் உறிஞ்சி மீன்களைக் கொல்லும். அதே நீரைத்தான் நம் மாடுகள் குடிக்கின்றன. ஆகவே ஊர் ஏரிக்கு இது தகுந்த வழியன்று.

ஆகாயத் தாமரையை மட்டுமே தின்று வாழும் ஒருவகைக் கூன்வண்டுகள் 1980களில் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, பெங்களூர் ஏரிகளில் விடப்பட்டு நற்பயன் அளித்தன. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியிலும் 1990களில் இவை துணை செய்தன. ஆயின் வண்டு தன் வேலையை முடிக்க ஆண்டுகள் சில ஆகும். கோடைதோறும் வற்றும் ஏரியில் வண்டும் அழிந்துவிடும். நீர் வற்றாத பெரிய ஏரிகளுக்கு வேளாண்மை அறிஞர்களைக் கலந்து இம்முறையைக் கைக்கொள்ளலாம்.

வாரிய செடியை என்ன செய்வது?

இதுவே நம் வட்டாரத்தார் தனிக் கவனம் செலுத்த வேண்டிய இடம். பிற மாவட்டங்களில் ஆகாயத் தாமரையைச் சாணத்துடன் கலந்து மட்கச் செய்து எருவாக்குகின்றனர், நற்பயனும் காண்கின்றனர். சாக்கடை மட்டும் கலந்த ஏரியாயின் நாமும் அவ்வாறு செய்யலாம். ஆனால் இச்செடி நீரிலுள்ள குரோமியம் முதலிய உலோகங்களை உறிஞ்சித் தன் வேரில் சேர்த்துவைக்கும் இயல்புடையது. தோல் கழிவு கலந்த ஏரியின் செடியை எருவாக்கினால் ஏரியின் நஞ்சை நாமே நம் வயலுக்குச் சுமந்து செல்கிறோம். மாட்டுக்குப் போட்டால் பாலுக்கும் அனுப்பிவைக்கிறோம். அதை எரித்தலும் ஆகாது. உலோகம் எரிந்து மறைவதில்லை. சாம்பலில் தங்கும், மேலும் கொடிய வடிவாக மாறவும் கூடும். இத்தகைய செடியைத் தனியே குவித்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிவுரைப்படி பாதுகாப்பான இடத்தில் சேர்ப்பதே முறை. ஏரி வண்டலை வயலுக்கு அடிப்பதற்கு முன்னும் இதே சோதனை வேண்டும்.

செடியே நஞ்சை உறிஞ்சுகிறதே, அதை விட்டுவைத்தால் ஏரி தூய்மையாகுமே என்ற வாதமும் எழுவதுண்டு. உறிஞ்சிய செடியை உரிய காலத்தில் வெளியேற்றினாலன்றி, அது அழுகும்போது வாங்கியதனைத்தையும் ஏரிக்கே திருப்பித் தந்துவிடும் என்பதை மறத்தலாகாது.

ஊராரின் பொறுப்பு

நாற்பது எக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு உடைய ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும் உள்ளன. ஆயினும், நாள்தோறும் ஏரியைக் கண்ணால் காண்பவர் கரையில் வாழும் மக்களே. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னர், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், உத்திரமேரூர் மக்கள் குடவோலை வழியாக ஓராண்டுக்கு ஏரி வாரியம் அமைத்து ஏரியைக் காத்தனர் எனக் கல்வெட்டு கூறுகிறது. அப்பொறுப்பு இன்று நம் கிராம சபைக்கு உரியது. மார்ச்சு 22ஆம் நாள், உலகத் தண்ணீர் நாளன்று நம் ஊர்களில் கிராம சபை கூடுகிறது. கோடைப் பணி தொடங்குவதற்குச் சற்று முன்னர் வரும் அந்நாளைவிட ஏற்ற நாள் வேறில்லை. நீர்ச் சோதனையின் முடிவை அன்று எல்லோரும் அறியப் படித்துக் காட்டுக. வரத்துக் கால்வாயில் சாக்கடை கலக்கும் இடம் எது, அதை மாற்றிவிடும் வழி யாது, செடி வாரும் நாள் எது, இளஞ்செடி பொறுக்கும் பொறுப்பு யாருடையது என்பவற்றைத் தீர்மானமாக எழுதி வைத்துக்கொள்க.

தொழிலும் வேண்டும், ஏரியும் வேண்டும். தோலுக்குப் போகும் நீரும் நெல்லுக்குப் போகும் நீரும் குழந்தை குடிக்கும் நீரும் ஒரே பாலாற்றிலிருந்து வருபவை. செடியை வாருவதோடு நில்லாமல் அதற்கு இடும் உணவையும் நிறுத்துவோமாயின், நம் ஏரிகள் மீண்டும் வானத்தைக் காட்டும் கண்ணாடியாகத் திகழும்.