மன்னர் பற்றியிருக்கும் கை

தஞ்சை ஆலயத்திலுள்ள இந்தச் சலவைக்கல் சிற்பத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். படுக்கையில் கிடப்பவர் சுவார்ட்ஸ் ஐயர். அவர் கையைப் பற்றி நிற்பவர் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி. லண்டன் சிற்பி ஜான் பிளாக்ஸ்மனிடம் இதைச் செய்யச் சொன்னவரும் அவரே.

1750-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ் தமிழிலும் பிரசங்கம் செய்தார். இனிப் பிறவி வேண்டாம் என்று கும்பிடும் ஊரில், மறுபடியும் பிறக்க வேண்டும் என்று பிரசங்கிப்பது லேசான காரியமா? அவர் சொன்னது வேறு உடலை அல்ல. மனந்திரும்பியவர் இந்த உடம்போடே தொடங்கும் புதுவாழ்வை. கேட்ட பலர் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

அவரைத் தகப்பனாகவே நினைத்த சரபோஜி ஞானஸ்நானம் பெறவில்லை. பெரிய கோயிலுக்குத் திருப்பணி செய்த மன்னர் அவர்.

இந்தச் சிற்பம் இருக்கும் ஆலயம் சுவார்ட்ஸ் 1779-ல் கட்டியது. அவர் 1798 பிப்ரவரி 13 அன்று தஞ்சையிலேயே காலமானார்.