களத்து விலையும் காத்திருக்கும் விலையும்

தை, மாசி மாதங்களில் காரியாபட்டி வட்டாரத்துக் களங்களில் மக்காச்சோளம் அடிக்கப்படும்போது, அங்கத்தினர்கள் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றே: "இப்போதே போட்டுவிடலாமா, கொஞ்ச நாள் வைத்திருக்கலாமா?" விலை ஏறுமா இறங்குமா என்று சோதிடம் சொல்ல நம்மால் இயலாது. ஆனால், வைத்திருப்பதற்கு என்ன செலவாகும் என்பதை எவரும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பார்க்கலாம். எழுதிப் பாராமல் அவசரப்பட்டு விற்பவரும் உண்டு. எழுதிப் பாராமல் வைத்திருந்து நஷ்டப்படுபவரும் உண்டு.

எல்லா விளைபொருளுக்கும் இக்கேள்வி பொருந்தாது. மல்லிகை பயிரிடும் நம்மவர்க்கு இது எழுவதேயில்லை. காலையில் பறித்த மொட்டு அன்றே மதுரை மாட்டுத்தாவணிக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். குதிரைவாலி இதற்கு நேர்மாறு. உமி நீக்காமல் நன்கு காயவைத்த தானியம் பல மாதங்கள் இருக்கும். வத்தலை வைத்திருக்கலாமென்றாலும், நாளாக ஆக நிறம் மங்கும். நிறம் மங்கினால் வியாபாரி கேட்கும் விலையும் மங்கும். ஆகவே கணக்குப் பார்க்க ஏற்றதாக மக்காச்சோளத்தையே எடுத்துக்கொள்வோம்.

கணக்கின் பொருட்டு, களத்தில் குவிண்டால் விலை 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதை மூன்று மாதம் கிடங்கில் வைத்து, மதிப்பில் நூற்றுக்கு 75 வீதம், அதாவது 1,500 ரூபாய், ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் ஈட்டுக் கடன் பெற்றால், வட்டி 26 ரூபாய். கிடங்கு வாடகை, சாக்கு, ஏற்று கூலி, இறக்கு கூலி 30 ரூபாய் என்போம். வண்டு, எலி, சிந்துதல் ஆகியவற்றால் நூற்றுக்கு இரண்டு சேதமானால் அது 40 ரூபாய். ஆக 96 ரூபாய். மூன்று மாதம் கழித்து விலை 2,100 ரூபாய்க்காவது ஏறினால்தான் வைத்திருந்தது வீணாகவில்லை என்று பொருள். அதே 1,500 ரூபாயை மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வெளியே வாங்கியிருந்தால், வட்டி மட்டும் 90, மொத்தம் 160. விலை ஒன்றே, சரக்கு ஒன்றே; கடன் வாங்கிய இடம் மட்டுமே வேறு.

ஈரத்தை இக்கணக்கில் நாம் சேர்க்கவில்லை. பலர் ஏமாறுவது அங்கேதான். நூற்றுக்கு 18 பங்கு ஈரமுள்ள 100 கிலோ மக்காச்சோளத்தை 12 பங்குக்குக் காயவைத்தால், எஞ்சுவது 93 கிலோ சொச்சமே. "ஏழு கிலோ எங்கே போயிற்று?" என்று எடைக்காரரிடம் சண்டையிட்டுப் பயனில்லை, அது வெயிலில் போன தண்ணீர். அதற்காகக் காயவைக்காமல் மூட்டை கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும். அதில் உண்டாகும் நச்சுப்பொருள் கோழிகளுக்கு ஆகாதாகையால், தீவன ஆலைக்காரர் சரக்கைத் தள்ளிவிடுவார். ஈரத்தோடு விற்பதானால் உடனே விற்க வேண்டும். வைப்பதானால் காயவைத்தே வைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே வழியில்லை.

இனி, எத்தனை நாள் வைப்பது? நம் மக்காச்சோளத்தை வாங்குவது பெரும்பாலும் கோழித் தீவனத் தொழில். அத்தொழில் நம்மை மட்டும் நம்பியிருக்கவில்லை. பீகாரில் சித்திரை, வைகாசியில் அறுவடையாகும் சரக்கும் தென்னாட்டு ஆலைகளுக்கு வருகிறது. மாசியில் வைத்த மூட்டையைச் சித்திரைக்கு அப்பாலும் வைப்பவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கடந்த ஆண்டுகளின் சந்தை விலைகளை ஆராய்ந்து, அறுவடைக் காலத்து விலை இன்ன அளவிலிருந்து இன்ன அளவுவரை இருக்கலாம் என்று முன்னறிவிப்பு வெளியிடுகிறது. மக்காச்சோளத்துக்கு உடுமலைப்பேட்டைச் சந்தையையும், கொத்தமல்லிக்கு விருதுநகர்ச் சந்தையையும் ஆதாரமாகக் கொள்வது வழக்கம். உடுமலைப்பேட்டை விலை காரியாபட்டிக் களத்து விலையன்று. லாரி வாடகையைக் கழித்தே அதைப் படிக்க வேண்டும்.

இவ்வளவு கணக்கும் எவருக்கு உதவும்? விற்கச் சுதந்திரம் உள்ளவருக்கே உதவும். விதைப்பில் விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் தந்தவர் களத்திலே வந்து நின்றால், விற்கும் நாளைக் குறிப்பவர் அவரே. 1951-52இல் நடந்த அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வின்படி, கிராமத்தார் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் தந்தது நூற்றுக்கு 3 பங்கு அளவே. லேவாதேவிக்காரர் தந்ததோ ஏறக்குறைய 70 பங்கு. 1954இல் வெளிவந்த அதன் அறிக்கை, கடனையும் விற்பனையையும் இணைக்கவும் கிடங்குகள் கட்டவும் வற்புறுத்தியது. அதன் பலனாக 1957இல் மத்தியக் கிடங்குக் கழகமும், 1958இல் நம் மாநிலக் கிடங்குக் கழகமும் தோன்றின. சென்னை மாகாணத்தில் 1933ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1936இல் திருப்பூரில் பருத்திக்கென ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் அமைந்திருந்ததெனினும், சரியான தராசு மட்டும் போதாது, காத்திருக்கப் பணமும் வேண்டும் என்பது பின்னரே தெளிவாயிற்று.

அதே 1933இல் அமெரிக்காவிலும் களஞ்சியத்துச் சோளத்தின்பேரில் அரசு கடன் தரத் தொடங்கியது. விலை கடன் தொகைக்கும் கீழே இறங்கினால், தானியத்தையே அரசிடம் விட்டுவிட்டுக் கடனிலிருந்து நீங்கிக்கொள்ளலாம். நம் ஈட்டுக் கடனில் அச்சலுகை கிடையாது. விலை இறங்கினால் நஷ்டம் நம்முடையதே. கடனும் வட்டியும் குறையா. இதை மறைத்து, "வைத்திருங்கள், ஏறும்" என்று அங்கத்தினருக்குச் சொல்வது சங்கத்தின் வேலையன்று என்பது நம் அபிப்பிராயம்.

நெசவாளர் அங்கத்தினருக்கு இது புதிதன்று. தீபாவளிக்கென நெய்த சேலை தேங்கிப்போனால், நூலில் முடங்கிய பணத்துக்கு வட்டி ஏறுவதை அருப்புக்கோட்டைத் தறிக்காரர் எவரும் சொல்வார்.

ஆதலால் முழுவதையும் ஒரே நாளில் விற்பதையோ, முழுவதையும் பூட்டி வைப்பதையோ நாம் சிபாரிசு செய்வதில்லை. அறுவடைக் கூலிக்கும் அவசரக் கடனுக்கும் எவ்வளவு தேவையோ அவ்வளவை விற்றுவிட்டு, எஞ்சியதைக் காயவைத்து ஈட்டில் வைக்கலாம். ரசீதில் மூட்டை எண்ணிக்கை, எடை, ஈர அளவு மூன்றும் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பார்த்துக் கையொப்பமிடுக. கடன் தவணை தீரும் தேதியை வீட்டுக் காலண்டரில் எழுதிவைத்து, அதற்கு ஒரு மாதம் முன்னரே விலை விசாரிக்கத் தொடங்குக. தவணை நாளன்று விற்க வருபவரின் அவசரம் வியாபாரிக்கும் தெரிந்துவிடும்.