பெயர் மறைத்து எழுதும் சாதி வசை: ஆதார் இணைப்பு தீர்வாகுமா?

2021 ஏப்ரல் 7 அன்று அரக்கோணத்தை அடுத்த சோகனூரில் இரண்டு தலித் இளைஞர்கள் கொல்லப்பட்டனர். இத்தகைய வன்கொடுமைகளைப் பற்றி ஊரில் இருந்துகொண்டே எழுதுவோருக்குப் பெயரை மறைத்துக்கொள்வது உயிர்ப் பாதுகாப்பு. வசைபாடும் சாதிவெறியருக்கும் அதே மறைப்பே அரணாகிறது. அதனால்தான் 'எல்லாக் கணக்குகளையும் ஆதாருடன் இணையுங்கள்' என்ற குரல் நம்மவரிடையேயும் எழுகிறது.

அதே கோரிக்கையுடன் ஆன்டனி கிளமென்ட் ரூபின் 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார். நீதிமன்றம் ஆதார் இணைப்பை ஏற்கவில்லை; ஆனால் விவாதம் வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிவதை நோக்கி நகர்ந்தது. 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின் 4(2) அதையே கட்டாயமாக்கிற்று. அவ்வதிகாரம் முதலில் யார்மீது பாயும் என்பதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை.

பழைய ஐ.ஆர்.சி. அரட்டை வலையமைப்புகள் இச்சிக்கலை வேறு விதமாகக் கையாண்டன. பயனரின் ஐ.பி. முகவரியை வழங்கி ஓர் இரகசியத் திறவுகோலுடன் சேர்த்துக் கலைத்து, பிறர் கண்ணுக்கு ஒரு முகமூடிப் பெயரை மட்டும் காட்டும். ஒரே முகவரிக்கு எப்போதும் ஒரே முகமூடிதான். எனவே, ஆள் யாரென்று அறியாமலேயே வசைபாடுபவரை அறையிலிருந்து விலக்கலாம். அவர் புனைபெயரை மாற்றிக்கொண்டு வந்தாலும் தடை நிற்கும். முகவரியின் பகுதிகளைத் தனித்தனியே கலைத்தால், ஒரு முகவரித் தொகுதியையே தடுக்கவும் முடியும். திறவுகோல் கசிந்தால் எல்லாம் வீண்: பழைய வகை ஐ.பி. முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடிதான். அத்தனையையும் கணினியில் இட்டுப் பார்த்து முகமூடியைக் கழற்றிவிடலாம். வி.பி.என். வழியாக வருபவரை இம்முறை தடுக்காது என்பதும் உண்மையே.

குற்றம் நிகழ்ந்தபின் தேவைப்படுவது சட்டம். அது நம்மிடம் இருக்கிறது. இணையத்தில் பரப்பப்படும் இழிவும் 'பொதுப் பார்வையில்' நிகழ்ந்ததே எனக் கேரள உயர் நீதிமன்றம் 2022இல் கூறியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(யு) பிரிவுகளின்கீழ் புகார் அளிக்கலாம். காவல் துணைக் கண்காணிப்பாளரே விசாரிக்க வேண்டும். ஐ.பி. முகவரியுடன் நேரத்தையும் போர்ட் எண்ணையும் கேட்டுப் பெறாவிட்டால், ஒரே முகவரியைப் பகிரும் பல கைப்பேசிகளில் எது என்று கண்டறிய இயலாது.

நீக்கப்பட்ட பதிவை நிறுவனம் 180 நாள் மட்டுமே வைத்திருக்கக் கடமைப்பட்டுள்ளது. ஆகவே, பதிவை நீக்கக் கோருமுன் அதன் இணைப்பு முகவரி, நேரம் ஆகியவற்றுடன் திரைப்பிடிப்பு எடுத்துவையுங்கள். பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழை இணையுங்கள். பதிவேடுகளைப் பாதுகாக்கக் கோரும் மனுவையும் புகாருடன் அன்றே கொடுங்கள்.