முதல் தாள் இல்லாத புத்தகம்

தல்மூத் பற்றிப் போகிற போக்கில் நான் எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மதுரை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பழைய யூத நூல்கள் ஏலத்தில் கோடிக்கணக்கில் போகின்றனவாமே, அப்படி என்னதான் இருக்கிறது அவற்றில்?"

மோசே, தோரா எல்லாம் பைபிள் வழியாகப் பலருக்கும் தெரிந்த கதைகள்தாம்; அவற்றை விட்டுவிடுகிறேன். தோராவின் விதிகளை அன்றாட வாழ்வில் எப்படிக் கடைப்பிடிப்பது என்று ரபிகள் தலைமுறை தலைமுறையாக வாதாடியதன் தொகுப்பு தல்மூத். அதில் என்னைக் கட்டிப்போட்டது அதன் பக்க அமைப்பு.

பாபிலோனியத் தல்மூத் முழுவதையும் முதன்முதலில் அச்சிட்டவர் யூதர் அல்லர். ஆண்ட்வெர்ப்பிலிருந்து வெனிஸுக்கு வந்த கிறிஸ்தவ வணிகர் டேனியல் போம்பெர்க். 1520 வாக்கில் தொடங்கி 1523இல் முடித்தார். நடுவில் மூலம், இருபுறமும் உரை என்ற அமைப்பு அவருக்கு முன்பே சொன்சினோ குடும்பத்தாரின் அச்சில் வந்துவிட்டது. போம்பெர்க் நிலைநிறுத்தியது தாள் எண்ணை. 1880களில் வில்னாவில் ரோம் (Romm) குடும்பத்தாரின் அச்சகம் போட்ட பதிப்பும், அதை ஒட்டி இன்று வரும் பதிப்புகளும் அந்த எண்களையே பின்பற்றுகின்றன. முகப்புத் தாள் ஒன்றாகக் கணக்காகிவிடுவதால் அநேகமாக ஒவ்வொரு நூலும் இரண்டாம் தாளில்தான் தொடங்கும். முதல் தாளைத் தேடினால் கிடைக்காது.

'பெரகோத்' என்ற முதல் நூலின் அந்த இரண்டாம் தாளைப் பாருங்கள். மாலை வழிபாட்டுக்குரிய 'ஷெமா'வை எந்நேரம் முதல் ஓதலாம் என்பது கேள்வி. எதுவரை ஓதலாம் என்பதில் ஒருவர் முதல் சாமம் என்கிறார், மற்றவர்கள் நள்ளிரவு என்கிறார்கள், ரபான் கம்லியேல் விடியும்வரை என்கிறார். அவருடைய பிள்ளைகளே விருந்துக்குப் போய் நேரம்கெட்ட நேரத்தில் வீடு திரும்பி, இன்னும் ஓதவில்லை என்று விழித்த கதையும் அங்கேயே இருக்கிறது. மூலத்தின் ஒரு பக்கம் பிரான்சின் த்ருவா நகரத்து ராஷியின் உரை. அவர் 1105இல் இறந்தவர். இருட்டும் முன்பே ஜெபக்கூடத்தில் ஓதிவிடுகிறார்களே என்ற கேள்விக்கு, படுக்கப் போகுமுன் ஓதுவதே கணக்கில் சேரும் என்கிறார். எதிர்ப்பக்கத்து உரையில் அவருடைய மகள்வழிப் பேரன் ரபேனு தாம், இல்லை, கூடத்தில் ஓதியதே பிரதானம் என்கிறார். தாத்தாவை மறுக்கும் பேரனுக்கு அதே தாளில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பெரியவர் சொன்னால் வாயை மூடு என்று வளர்க்கப்பட்ட எனக்கு இதைப் பார்த்து நிஜமாகவே பொறாமை.

தாள் மாறாமல் இருந்ததால் ஒரு விசித்திரமும் விளைந்தது. போலந்து யூதர்களில் 'ஷாஸ் போலாக்' என்று அழைக்கப்பட்ட சிலர் இருந்தார்கள். ஒரு பக்கத்தில் ஏதோ ஒரு சொல்லின் மேல் குண்டூசியை வைத்து, இன்னும் பல தாள் தள்ளி இதே இடத்தில் என்ன சொல் இருக்கும் என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். பிறகு ஊசியைக் குத்தி இறக்கிச் சரிபார்ப்பார்கள். அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் நேரில் கண்டவர்களின் சாட்சியங்களைத் திரட்டி 1917இல் கட்டுரையாக வெளியிட்டார். தேர்வு அறையில் எனக்கு விடை மறந்துபோய், அது இடப்பக்கக் கீழ்மூலையில் படத்துக்கு அருகே இருந்தது மட்டும் நினைவில் நிற்கும். அந்த அரைகுறை வித்தையின் உச்சம் இது. ஆனால் இந்த நினைவுச் சூரர்களில் யாரும் பேரறிஞராக விளங்கவில்லை என்றும் அதே சாட்சியங்கள் சொல்கின்றன. ஊசிக்குச் சொல்லின் இடம் தெரியும், வாதம் தெரியாது. தல்மூத்தை இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, உரக்க வாசித்து, ஒருவரையொருவர் மடக்கிப் படிப்பதுதான் மரபு.

இனி விலைக்கு வருகிறேன். 1553 செப்டம்பரில் ரோம் நகரத்தின் காம்போ தே ஃபியோரி சதுக்கத்தில் தல்மூத் பிரதிகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். அடுத்த மாதம், அச்சிட்ட வெனிஸிலேயே எரித்தார்கள். தப்பியவை சொற்பம். வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியின் நூலகத்தில் வெகுகாலம் இருந்த போம்பெர்க் முழுத்தொகுதி ஒன்று 2015இல் நியூயார்க் ஏலத்தில் 93 லட்சம் டாலருக்குப் போனது.

அது முழுதாகப் போனதே என்று ஆறுதல்பட வேண்டியிருக்கிறது. பழம்புத்தக வியாபாரத்தில் நூலை உதிர்த்து, தாள் தாளாக விற்கும் கொடுமையும் உண்டு. கிழிந்து நைந்த புனித நூலைக்கூடக் குப்பையில் எறியாமல் 'கெனீசா'வில் சேர்த்துவைத்து, மண்ணில் அடக்கம் செய்யும் சமூகத்தின் புத்தகம் அது. கேள்வி ஒரு தாளிலும் பதில் அடுத்த தாளிலும் இருக்கும்போது, ஒற்றைத் தாளைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டுகிறவர் எதை வாங்கியதாக நினைக்கிறார்?

மதுரை நண்பருக்கு: ஏலத்துக்குப் போக வேண்டியதில்லை. செஃபாரியா என்ற இணையதளத்தில் இதே தாள் எண்களோடு, ஆங்கில மொழிபெயர்ப்புடன், மொத்தத் தல்மூத்தும் இலவசமாகக் கிடைக்கிறது. எதிரில் உட்கார்ந்து மறுத்துப் பேச ஒரு ஆளை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.